பெங்களூர் சாலை – 9: கங்காரு வாலும் கிண்டி இயற்பியலும்

கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் எழுந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று இன்று சாலையோரம் நீளும் ஆலைகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி என்றும் சொல்லியிருந்தோம். அதே கிண்டியில், தொழிற்பேட்டைக்கு ஆறு ஆண்டுகள் முன்பே வேறொரு வேலை தொடங்கிவிட்டது. லாரியில் ஏற்ற அங்கே எந்தச் சரக்கும் தயாராகவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பதாக வாசலில் பலகையும் தொங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1952-இல் தொடங்கிய இயற்பியல் துறைதான் அது.

ஆலைகளின் கதையில் இயற்பியல் துறைக்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. அந்தத் துறை உலகப் புகழ் பெற்றது, இந்தச் சாலை வழியே வந்துகொண்டிருந்த ஒரு சரக்கின் உதவியால். இது முதற்காரணம். அங்கே பழகிய கணிதத்திலிருந்து பிறந்த முறை ஒன்று, பொருளை உடைக்காமல் அதன் உள்ளே பார்க்கும் இன்றைய எக்ஸ் கதிர்க் கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது இரண்டாவது. முதலில் சரக்கைப் பார்ப்போம்.

தோல் வந்த வழி

ஸ்ரீபெரும்புதூருக்குக் கார் ஆலை வந்தது 1990-களின் பிற்பாதியில். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தச் சாலைக்கு ஒரு தொழில் இருந்தது. மேற்கே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. மூன்றும் தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்துப் பதப்படுத்திய தோல் சென்னைக்கு வந்து, பெரியமேட்டு மண்டிகளில் கைமாறி, துறைமுகம் வழியே கப்பலேறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார். தொழிலில் ரசாயனம் நுழைந்ததும் அதைப் படித்தவர்களுக்கும் தேவை வந்தது.

அந்தத் தேவையின் அடையாளமாக அடையாற்றங்கரைப் பக்கம் இரண்டு நிறுவனங்கள் எழுந்தன. அழகப்பச் செட்டியாரின் பெருங்கொடையால் 1944-இல் பல்கலைக்கழகம் தொடங்கிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று. ஊர் வழக்கில் ஏ.சி. டெக். ரசாயனப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகியவை அங்கே பாடங்கள். மற்றொன்று, அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1948-இல் உருவான மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சி.எல்.ஆர்.ஐ. நாட்டின் தோல் வணிகத்தில் பெரும்பங்கு சென்னை வழியே நடந்ததால், நிலையமும் சென்னைக்கே வந்தது. இன்றைய சர்தார் படேல் சாலையில் நடந்து போனால், பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், ஏ.சி. டெக், சி.எல்.ஆர்.ஐ. மூன்றும் பக்கம் பக்கமாகவே இருப்பதைக் காணலாம்.

இந்த அக்கம்பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

பரீட்சை வைத்த பல்கலைக்கழகம்

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகவே இருந்தது. பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. எனவே சென்னையில் இயற்பியலின் முதல் வீடு கடற்கரையில், மாநிலக் கல்லூரியில் இருந்தது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1870-இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தில்தான் சி.வி. ராமன் படித்தார். நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் மேல் ஒளியைச் சாய்வாக விழவைத்தபோது கண்ட விளிம்பு விளைவுப் பட்டைகளைப் பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரை, 1906-இல் லண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. அவருடைய தமையன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், அதே கல்லூரியில் 1930-இல் பட்டம் பெற்றார். மாணவராக இருக்கும்போதே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டவர்.

இருவருமே பட்டம் பெற்றதும் ஊரை விட்டுக் கிளம்பவேண்டியிருந்தது. ராமன் நிதித்துறை உத்தியோகத்துக்காகக் கல்கத்தா போய், அங்கே மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய சங்கத்தின் ஆய்வகத்தில் மாலைநேரங்களில் ஆராய்ச்சி செய்தார். சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். பாடம் நடத்தும் ஆய்வகம் சென்னையில் இருந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவர் வாழ்நாள் முழுக்க இருந்து வேலை செய்யும் ஆய்வகம் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க நினைத்தவர் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர், 1942 முதல் 27 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். ஏ.சி. டெக் உருவானதும் அவர் காலத்தில்தான். பல்கலைக்கழகத்துக்கென்று சொந்தமாக இயற்பியல் துறை தொடங்க முடிவானதும், தலைமைப் பொறுப்பை ஏற்கும்படி முதலில் ராமனைத்தான் கேட்டார். ராமன் அப்போது பெங்களூரில் தன் பெயரிலான ஆய்வு நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். தான் வரவில்லை என்று சொல்லி, தன் மாணவர் ஒருவரைக் கைகாட்டினார். மாணவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது.

ஜி.என்.ஆர்.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை; பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8. தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்து, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். ராமன் பார்த்தார், பையனைத் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம். லாரன்ஸ் பிராக் அதன் தலைவராக இருந்த காலம் அது. அங்கே ஊஸ்டர் என்பவரிடம் எக்ஸ் கதிர்ச் சிதறலில் முனைவர் பட்டம் பெற்றுப் பெங்களூர் திரும்பியிருந்தார்.

1952-இல் சென்னைக்கு வந்த ஜி.என்.ஆரிடம் இருந்தது ஒரு புதிய துறை, எக்ஸ் கதிர்ப் படிகவியலில் நல்ல தேர்ச்சி, பணத்தையும் சுதந்திரத்தையும் தரத் தயாராக இருந்த ஒரு துணைவேந்தர். இல்லாதது ஒன்றுதான்: எதை ஆராய்வது என்ற கேள்விக்கு விடை.

அந்த விடையை எடுத்துத் தந்தவர் லண்டனிலிருந்து வந்த ஜே.டி. பெர்னால். புரதப் படிகங்களை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்த முதல் தலைமுறை ஆள். துறையைப் பார்க்க வந்தவரிடம், புரதங்களில் இப்போது தீராத சிக்கல் எது என்று ஜி.என்.ஆர். பேச்சுவாக்கில் கேட்டார். பெர்னால் கொலாஜனைச் சொன்னார். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் நார்ப்புரதம் அது. அதற்கு லைனஸ் பாலிங் முதலான பெரிய தலைகள் கொடுத்திருந்த அமைப்புகள் எதுவும் எக்ஸ் கதிர்ப் படங்களோடு சரியாகப் பொருந்தவில்லை.

தோல் என்றால் கொலாஜன். பதனிடுவது என்றாலே, அழுகிப்போகும் கொலாஜனை அழுகாத கொலாஜனாக்கும் வேலை. அந்தப் பொருளையே தொழிலாகக் கொண்ட ஆராய்ச்சி நிலையம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அங்கே கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதில் கொலாஜன் கலப்படமின்றி, நார்கள் ஒரே திசையில் வரிசைபிடித்து இருக்கும். எக்ஸ் கதிருக்கு அதைவிடத் தோதான மாதிரி கிடைப்பது அரிது. ஜி.என்.ஆர். அதை வாங்கி வந்தார். ஆஸ்திரேலிய விலங்கின் வால், வாணியம்பாடி ஆட்டுத்தோலுக்காகக் கட்டிய நிலையத்திலிருந்து கிண்டி இயற்பியல் துறைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

முப்புரி

அவருக்குத் துணையாக நின்றவர் கோபிநாத் கர்த்தா. பின்னாளில் அமெரிக்காவில் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பை 1967-இல் கண்டவர்களில் ஒருவர். இருவரும் கையில் வைத்திருந்த தடயங்கள் மூன்று.

நாரைக் கதிருக்குக் குறுக்கே நிறுத்திப் படம் எடுத்தால், நாரின் திசையில் சுமார் 2.9 ஆங்ஸ்ட்ரம் இடைவெளியைக் காட்டும் புள்ளி விழுந்தது. பாலிங் 1951-இல் கண்டுபிடித்த ஆல்பா சுருளில் இந்த இடைவெளி 1.5 ஆங்ஸ்ட்ரம். ஆக, கொலாஜன் சங்கிலி ஆல்பா சுருளைவிட நன்றாக இழுத்து நீட்டப்பட்டது. இது முதல் தடயம். அடுத்தது வேதியியலாளர்கள் கொடுத்த கணக்கு: கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின். மூன்றாவது, புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் இரண்டும் மற்ற பெரும்பாலான புரதங்களில் இல்லாத அளவு கூடுதலாக இருந்தன. வளையம் கொண்ட இந்த இரண்டும் சங்கிலியை நினைத்தபடி வளையவிடாது.

மூன்றில் ஒன்று கிளைசின் என்பதை மற்றவர்கள் ஒரு சராசரி என்று விட்டுவிட்டார்கள். ஜி.என்.ஆரும் கர்த்தாவும் அதை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தால்? அமினோ அமிலங்களிலேயே சிறியது கிளைசின். அதன் பக்கக் கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்கும்போது நடுவில் அடைபடும் இடத்தில் அந்த ஒற்றை ஹைட்ரஜனைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அப்படியானால் கொலாஜன், கயிற்றைப் போல மூன்று புரிகளால் ஆனது.

1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இந்த யோசனை வந்தது. அதில் மூன்று சங்கிலிகளும் இணையாக, நேராக நின்றன. படங்களோடு இன்னும் கொஞ்சம் இசையவில்லை. தன் அச்சில் சுழன்றுகொண்டே பூமியைச் சுற்றும் நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறதல்லவா? ஒவ்வொரு சங்கிலியும் தானும் சுருண்டு, மற்ற இரண்டையும் சுற்றிக்கொண்டே, தன் கிளைசின் முகத்தை எப்போதும் நடுவை நோக்கி வைத்திருந்தால் கணக்கு நேராகிவிடும் என்று ஜி.என்.ஆருக்குப் பொறி தட்டியது. 1955 செப்டம்பரில் இரண்டாவது கட்டுரை. இடஞ்சுழியாகச் சுருண்ட மூன்று சங்கிலிகள், சேர்ந்து வலஞ்சுழியாக முறுக்கிக்கொள்ளும் முப்புரி. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. துறை தொடங்கி மூன்று ஆண்டுகள்.

தகராறு தந்த வரைபடம்

அடுத்த சில வாரங்களில் அதே இதழில் அலெக்சாண்டர் ரிச்சும், இரட்டைச் சுருள் புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் எழுதினார்கள். முப்புரி என்பதை ஏற்றார்கள், உள்விவரத்தில் மோதினார்கள். ஜி.என்.ஆர். அமைப்பில் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், அவர்களுடையதில் ஒன்று. சென்னை அமைப்பில் சில அணுக்கள் இருக்கவேண்டிய தூரத்தைவிட நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதுதான் கடைசியில் நிலைத்தது. முப்புரி அமைப்பும், நடுவில் கிளைசினுக்குள்ள இடமும் மாறவில்லை.

இங்கேதான் கிண்டித் துறையின் தரம் தெரிகிறது. விமர்சனத்துக்குப் பதில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஜி.என்.ஆர். அடிப்படைக் கேள்விக்குத் திரும்பினார்: பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையிலேயே எவ்வளவு நெருங்கலாம்? அன்று அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. அதுவரை உலகில் கண்டறிந்திருந்த அமினோ அமில, சிறு பெப்டைடுப் படிக அமைப்புகளைத் தேடித் தேடி, அணு ஜோடிகளின் இடைத்தூரங்களை அவருடைய குழு பட்டியலிட்டது. கார்பனுக்கும் கார்பனுக்கும் இவ்வளவு, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இவ்வளவு. வழக்கமான எல்லை இது, மிஞ்சினால் போகக்கூடிய கடைசி எல்லை இது என்று இரண்டு வரிசைகள்.

பிறகு அந்த அளவுகோலைப் புரதச் சங்கிலி முழுவதற்கும் நீட்டினார்கள். சங்கிலியில் பெப்டைடு அலகு தட்டையானது, அது திரும்பாது. திரும்பக்கூடியவை ஒவ்வொரு ஆல்பா கார்பனின் இருபுறமும் உள்ள இரண்டு பிணைப்புகள். கிரேக்க எழுத்துகளால் ஃபை, சை என்று இந்த இரண்டு கோணங்களுக்கும் பெயர். கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என்று 360 பாகைச் சதுரம் போட்டு, ஒவ்வொரு கோண ஜோடிக்கும் அணுக்கள் மோதுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே போனால், சதுரத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட நிலமாகிவிடுகிறது. எஞ்சும் சில தீவுகளில் மட்டும் சங்கிலி நிற்கலாம். ஆல்பா சுருள் ஒரு தீவில். பீட்டா தகடும் கொலாஜனும் இன்னொன்றில். ஒற்றை ஹைட்ரஜனே பக்கக் கிளையான கிளைசினுக்கு மட்டும் இடம் தாராளம்.

கணினி கைக்கு எட்டாத காலம். மேசைக் கணக்குப் பொறியைத் தட்டித் தட்டிப் போட்ட கணக்கு இது. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவர் பெயரில் 1963-இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி’யில் சில பக்கங்களே கொண்ட கட்டுரையாக வந்தது. ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. இன்று எந்த நாட்டு ஆய்வகம் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரிதானா என்று பார்க்க அந்தச் சதுரத்தில் புள்ளி வைத்துப் பார்க்கிறது. தடைசெய்யப்பட்ட நிலத்தில் புள்ளிகள் அதிகம் விழுந்தால், கண்டவர் மறுபடி கணக்குப் போடவேண்டும்.

கரும்பலகை போதும்

அதே துறையில் அதே காலத்தில் இன்னொரு வகை இயற்பியலும் இருந்தது. சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், நிகழ்தகவுக் கணிதத்தில் மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். எக்ஸ் கதிர்க் குழாய், இருட்டறை, கங்காரு வால் எதுவும் இவருக்குத் தேவையில்லை. மயிலாப்பூரில் லஸ் அருகே தன் குடும்ப வீடான ‘ஏகாம்ர நிவாஸ’த்திலேயே மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தினார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் சென்னை வந்தபோது இந்த இளைஞர்களைப் பார்த்து வியந்து பாராட்டினார். அது நேருவின் காதுக்கும் எட்டியது. அன்றைய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் பின்னால் நின்றார். 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில், சந்திரசேகர் முன்னிலையில், மேட்சயன்ஸ் எனப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. பிறகு தரமணிக்குக் குடிபோனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்கூடத்தில் தொடங்கிய இயற்பியல் தனக்கென்று ஒரு நிறுவனத்தையே கட்டிக்கொண்டு வெளியேறியது. கருவியோடு வேலை செய்த இயற்பியல் கிண்டியிலேயே தங்கியது. கருவியைத் தூக்கிக்கொண்டு போவது கடினம் என்பதனால் மட்டும் அல்ல. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் அதற்கு முக்கியம்.

பெங்களூர் நோக்கி

1960-களில் கிண்டி உச்சத்தில் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையங்களில் ஒன்றாக்கியது. 1963 ஜனவரியிலும் 1967 ஜனவரியிலும் புரத அமைப்பு பற்றிய இரண்டு சர்வதேசக் கருத்தரங்குகள் சென்னையில் நடந்தன. கொலாஜனில் ஜி.என்.ஆரிடம் தோற்ற லைனஸ் பாலிங்கே, இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்ற பிறகு, 1967-இல் இங்கே வந்து உட்கார்ந்து பேசினார்.

1969-இல் லட்சுமணசாமி முதலியாரின் காலம் முடிந்தது. மறு ஆண்டே ஜி.என்.ஆரும் விலகினார். சிலகாலம் சிகாகோ, பிறகு 1971-இல், சதீஷ் தவான் இயக்குநராக இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் அங்கே போய்ச் சேர்ந்தார். தோல் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே ஆராய்ச்சி போனது.

கிண்டியில் ஆர். சீனிவாசன் போன்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனால் அக்கம்பக்கம் மாறத் தொடங்கியது. 1978-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. ஒரே துணைவேந்தரின் கீழ் இருந்த இயற்பியலும் தொழில்நுட்பமும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பிரிந்தன. கிண்டி வளாகத்திலேயே படிகவியல்–உயிர் இயற்பியல், கோட்பாட்டு இயற்பியல், அணுக்கரு இயற்பியல் என்று தனித்தனித் துறைகள். ஒவ்வொன்றிலும் நல்ல வேலை நடந்தது. கோட்பாட்டுத் துறையின் பி.எம். மேத்யூஸ், பூமி அச்சின் சிறு தள்ளாட்டத்தை விளக்கும் கணிதத்தில் உலக அளவில் பேர் பெற்றவர், கே. வெங்கடேசனோடு அவர் எழுதிய குவாண்டம் பாடநூல் இந்தியா முழுவதும் ஓடியது. ஆனால் தோல், ரசாயனம், எக்ஸ் கதிர் மூன்றும் ஒரே காம்பவுண்டுப் பேச்சில் கலந்த காலம் திரும்பவில்லை.

ஒரகடத்துக்கு வந்தது

இரண்டாவது காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? படிகவியலாளர்களுக்கு ஃபூரியே கணிதம் தினப்படிக் கருவி. சிதறிய கதிரின் அளவிலிருந்து பொருளின் வடிவத்தை மீட்பது அவர்கள் தொழில். அதில் ஜி.என்.ஆரும் சீனிவாசனும் எழுதிய நூல் 1970-இல் வந்தது. அடுத்த ஆண்டு ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஜி.என்.ஆர். ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளுறுப்பின் குறுக்குவெட்டை மீட்பது எப்படி என்பது அதன் பொருள். நிழல்களை வந்த வழியே திருப்பிப் பூசினால் படம் மங்கலாக விழும். பூசும் முன் ஒவ்வொரு நிழலையும் குறிப்பிட்ட எடைகளால் கூர்மையாக்கிவிட்டால், ஃபூரியே மாற்றத்தைச் சுற்றிக்கொண்டு போகாமலே தெளிவான படம் கிடைக்கும். கணக்கும் வேகமாக முடியும். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இல் இதே பாதையைத் தொட்டிருந்தார்கள். எக்ஸ் கதிர்ப் படத்துக்கு அதைத் தெளிவாக வகுத்துத் தந்தது இந்தக் கட்டுரை. அதே 1971-இல்தான் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. அந்தக் கூர்மையாக்கும் வடிகட்டிக்கு இருவர் பெயரையும் சேர்த்து ‘ராம்-லாக்’ என்று பெயர், சி.டி. மென்பொருள் எழுதும் மாணவர்கள் இன்றும் முதலில் படிப்பது அதைத்தான்.

மருத்துவமனைக்குப் போன அந்தக் கணிதம் தொழிற்சாலைக்கும் வந்தது. அலுமினிய வார்ப்படத்துக்குள் ப்ளோ ஹோல் இருக்கிறதா, மின்னணுப் பலகையில் சில்லுக்கு அடியில் மறைந்துள்ள சால்டரிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று உடைக்காமல் பார்க்க, கார் உதிரிபாகத் தொழிலும் கைபேசித் தொழிலும் எக்ஸ் கதிரையும் தொழிற்சாலை சி.டி.யையும் நாடுகின்றன. இந்த இரண்டு தொழில்களும் சேர்ந்ததுதான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம். மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு பூங்காவும் ஒரகடத்துக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது.

கட்டடத்துக்கு இங்கே குறைவில்லை. சிப்காட் வளாகங்களில் கிண்டி வளாகத்தை அப்படியே உள்ளே வைத்துவிடக்கூடிய கூரைகள் உண்டு. ஒரகடத்து உலகத்தர வாகன ஆராய்ச்சி மையத்தில், வண்டியைச் சுவரில் மோதவிட்டும் மின்காந்தக் குறுக்கீட்டை அளந்தும் சோதிக்கிற வசதிகள் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் அது பெரிய அளவில் ஓர் இயற்பியல் ஆய்வகம். கண்ணாடி, உலோகம், பெயிண்ட், பேட்டரி, ரப்பர் என்று கங்காரு வாலைவிடச் சுவையான மாதிரிகள் இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் உருவாகின்றன. பென்னலூரிலும் சுற்றுப்புறத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே இயற்பியல் பெரும்பாலும் முதலாண்டுப் பாடம். அந்த மாதிரிகளை, உற்பத்திக் கணக்கோடு சம்பந்தமில்லாத ஒரு கேள்விக்காகக் கேட்டு வாங்க வரும் துறைதான் இந்தச் சாலையோரம் இல்லை.

1952-இல் கிண்டியில் நடந்ததில் மாயம் எதுவும் கிடையாது. தொழிலுக்காக ஒரு நிலையம், ஆராய்ச்சிக்காக ஒரு துறை, இரண்டும் நடக்கிற தூரத்தில். கேட்டதைக் கொடுக்கும் பழக்கம். கேட்டவரைப் பத்து ஆண்டு தொந்தரவு செய்யாத ஒரு துணைவேந்தர். தோல் நிலையத்துக்கு அந்த முப்புரியால் உடனடி லாபம் ஏதுமில்லை. கொடுத்த தசைநாணுக்கு ரசீது கேட்டிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். ஒரகடத்தில் ஆலைகளுக்கு நடுவே ஐம்பது ஏக்கரில் ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையை வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு கார் ஆலைக்கு அரசு தரும் சலுகையோடு ஒப்பிட்டால் சிறியது என்றே தோன்றுகிறது. ஆலைகளின் கேட் பாஸ் விதிகளைத் தளர்த்துவதுதான் பெரிய வேலை.

அடுத்த இதழில் இந்தச் சாலையை விட்டுக் கொஞ்சம் தெற்கே விலகுவோம். குரோமிய உப்பால் தோல் பதனிட்ட ஓர் ஆலை, ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வாங்கித் தந்தது. அதே ஊரில் 1949-இல் சி. ராஜம் தன் மாளிகையை விற்ற பணத்தில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார், விமானப் பொறியியலோடு வாகனப் பொறியியலையும் ஒரு தனிப் பாடமாக்கினார். கார் ஆலை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால், காரைப் படிக்க இங்கே ஆள் ஏன் தேவைப்பட்டது?

(தொடரும்)